சிவப்புக் குழாய்க்கு அடியில்

அவரை எல்லோரும் மூணடி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. தோட்டம், பண்ணை, ஒதுக்குப்புறத்து வீடு என்று எங்கே தண்ணீர் லைன் பதிக்கப் போனாலும் மூன்றடி ஆழம் தோண்டாமல் குழாயை இறக்க மாட்டார். "ரெண்டடி போதாதா?" என்று கேட்ட பண்ணைக்காரரிடம், "போதும். உங்க டிராக்டர் இந்தப் பக்கமே வராதுன்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றவர். அவர் போட்ட லைன் ஒழுகியதாக இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கேறியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊருக்கு வெளியே நாலு ஏக்கரில் ரிட்டயரான டீச்சர் ஒருவரின் வீடு. கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. தீயணைப்பு வண்டி வந்துசேர முக்கால் மணி நேரமாகும் என்பதால், மேட்டிலிருந்த பெரிய தொட்டியிலிருந்து வாசலுக்குத் தடித்த லைன் ஒன்று போட்டு, ஒரு ஹைட்ரண்டும் நிறுத்தித் தரச் சொன்னார் டீச்சர். இடுப்பளவு உயரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய். மேலே திருகுகிற சக்கரம், பக்கத்தில் ஹோஸ் மாட்டுகிற வாய். ஒன்பது நாள் வேலை. கடைசி நாள் சக்கரத்தைக் கொஞ்சம் திறந்து இரண்டு வாளி பிடித்துக் காட்டினார் மூணடி. "இடப்பக்கம் திருப்பினா திறக்கும் டீச்சர். பதறாம திருப்புங்க, போதும்."

அதன்பிறகு ஒரு வருடம் டீச்சர் அந்தக் குழாயை லேசாகத் திறந்து செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். ஒரு குறையும் இல்லை.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம் வீட்டு வயரிங்கில் தீப்பிடித்தது. கணவரைத் தனியாளாகத் தூக்க டீச்சரால் முடியவில்லை. வாசலுக்கு ஓடி, ஹோஸை மாட்டி, சக்கரத்தை முழுக்கத் திருப்பினார். தண்ணீர் ஒரு தடவை பீறிட்டது. பிறகு நூலாக ஒழுகியது. இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார், மறுபடி இடப்பக்கம் திருப்பினார். வண்டி வந்தபோது கூரை இறங்கியிருந்தது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை.

நகரத்திலிருந்து ஒரே மகள் வந்தாள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, நாலு பேர் முன்னால் கேட்டாள்: "ஒரு குழாயைத் திறக்கத் தெரியலையாம்மா உனக்கு?" அன்றைக்கே கிளம்பிப் போனவள், பிறகு அம்மாவின் போனை எடுக்கவில்லை.

நாலாம் நாள் லைனைப் பார்க்க டீச்சர் மூணடிக்குச் சொல்லியனுப்பினார். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனார். தன் வேலையில் கோளாறு இருக்கும் என்று அவருக்குக் கனவில்கூடத் தோன்றாது. சிவப்புக் குழாய்க்கு அடியில் தோண்டி, லைன் மேல்நோக்கித் திரும்பும் எல்போவைக் கழற்றினார். உள்ளே ஒரு துணி உருண்டை அடைத்துக்கொண்டு நின்றது.

மண்ணும் எலியும் நுழையாமலிருக்க, சாயங்காலம் வேலை முடிந்ததும் குழாயின் திறந்த வாயில் துணி அடைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். காலையில் அதை உருவிவிட்டுத்தான் அடுத்த குழாயை ஒட்டுவார். ஆறாம் நாள் மழை. மறுநாள் காலை பள்ளம் முழுக்கச் சேறு. இறைத்துக் கொட்டிவிட்டு, துணியை மறந்து, ஒட்டிவிட்டார். கடைசியில் லைனை முழு வேகத்தில் அலசியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது, வீணாக்குவானேன் என்று விட்டுவிட்டார். மெதுவாகத் திறந்தபோதெல்லாம் தண்ணீர் துணியைச் சுற்றிக் கசிந்து வந்தது. முழுக்கத் திறந்தபோது துணியையே இழுத்துவந்து எல்போவில் அடைத்துவிட்டது. அது அவருடைய பழைய கட்டம்போட்ட சட்டைக் கை.

காலடிச் சத்தம் கேட்டதும் துணியைச் சேற்றுக்குள் மிதித்தார்.

"ஏதாவது இருக்கா?" என்று மேலேயிருந்து கேட்டார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர். லைன் சுத்தமா இருக்கு."

"அப்ப நான்தான் தப்பாத் திருப்பியிருக்கேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், "பதட்டத்துல எல்லாருக்கும் ஆகறதுதான்" என்றார். துணியை மறந்தது கைத்தவறு. இந்தப் பொய்யை நல்ல நினைவோடு சொன்னார். வீட்டுக்குப் போய் முதல் வேலையாக, சேற்றிலிருந்து எடுத்து மறைத்துக் கொண்டுவந்திருந்த துணியை அடுப்பில் போட்டார். என்ன நாற்றம் என்று கேட்ட மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

அதன்பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரே காட்சி. கரிந்த வீட்டின் வாசலில் டீச்சர் நின்று சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பழகிக்கொண்டிருப்பார். திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தில். மூணடி சுற்றுவழியில் போக ஆரம்பித்தார். சோறு இறங்கவில்லை. தூக்கமும் போனது. எட்டு மாதம் தாங்கினார். ஒரு நாள் காலையில் நேரே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டீச்சர் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். "அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் டீச்சர்."

அவர் திட்டவில்லை, அழவுமில்லை. "என் நம்பரைப் பார்த்தா அவ எடுக்க மாட்டா. உங்க போன்லேர்ந்து கூப்பிட்டு இதை அப்படியே சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்றார்.

மகள் எடுத்தாள். மழை, சேறு, அலசாமல் விட்டது, பொய் சொன்னது, எதையும் பூசி மெழுகாமல் சொன்னார் மூணடி. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்தத் துணி எங்க?"

"எரிச்சுட்டேம்மா."

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"இல்லம்மா."

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"எட்டு மாசம் யோசிச்சு ஒரு ஆளைப் பிடிச்சு மனப்பாடம் பண்ண வெச்சிருக்காங்க. இனிமே இப்படி யாரையும் அனுப்ப வேண்டாம்னு சொல்லிடுங்க."

போனை வைத்துவிட்டாள். டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னா?"

மூணடி இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. மகள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.