தாய் மணிக்கூடும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

றெயில் ஸ்ரேசன் மணிக்கூட்டைத் திருத்திப் பார்க்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: அது சரியாக ஓடும்வரை உங்களை ஒருவருக்கும் தெரியாது. பொதுச்சொத்தில் கைவைத்து ஏச்சு வாங்கிய அன்பர்களுக்கு இது விளங்கும்.

உயிர் இருக்கிறதா?

றெயின் மேடையில் தொங்கும் மணிக்கூட்டுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. ஸ்ரேசன் அதிபரின் அறையிலுள்ள தாய் மணிக்கூடு நிமிடத்துக்கொரு தடவை கம்பிவழியே மின்சாரம் அனுப்பும். இதன் முள் ஒரு அடி முன்னே வைக்கும். நொடிமுள்ளும் இல்லை. மானிப்பாய் ஊர் அம்மா ஒருவர் என் ஏணிக்குக் கீழே நின்று பார்த்து, "உது செத்துப்போச்சு" என்று திட்டத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து முள் நகர்ந்தது.

"கண்டியளே தம்பி, ஏசினால்தான் ஓடும்."

பின்னால் போகாத முள்

ஒருநாள் காலை கம்பி மாற்றும்போது மேடை மணிக்கூடு மூன்று நிமிடம் முந்திவிட்டது. இந்த இனத்துக்குப் பின்னால் போகத் தெரியாது. அதனால் சரியாக ஆறு மணி காட்டும்போது நிறுத்திவைத்தேன். மூன்று நிமிடத்தில் உண்மையான நேரம் வந்து சேர்ந்ததும் ஓடவிட வேண்டியதுதான். 'பழுது' என்று பலகை தொங்கவிடவில்லை. மூன்று நிமிடத்துக்கு என்ன பலகை?

அதற்குள் தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணியோடு கதையும் வந்தது. நான் திரும்பியபோது ஆறு மணி ஐந்து நிமிட றெயின் போய்விட்டது. கொடி காட்டி றெயினை விடும் கார்ட் தன் கைமணிக்கூட்டைத்தான் பார்ப்பார். மணிக்கூடு இன்னும் ஆறிலேயே நின்றது. அதன் கீழே உரும்பிராய்க்காரர் ஒருவர், ஒரு கையில் தண்ணிப்போத்தல், மறுகையில் ஆஸ்பத்திரிப் பைல். மனைவி றெயினுக்குள். மறுநாள் கொழும்பில் மனைவிக்கு இருதய ஒப்பறேசன்; ஸ்கானும் டொக்டரின் கடிதமும் இந்தப் பைலில். மனுசன் சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"உங்கடை மணிக்கூட்டைப் பாத்துத்தான் தம்பி தண்ணி வாங்கப் போனனான்."

அடுத்த ஸ்ரேசன்

றெயினை மறித்து வைக்கச் சொல்லி அதிபர் அடுத்த ஸ்ரேசனுக்குப் போன் அடிக்க, நான் உரும்பிராய்க்காரரை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். பாதிவழியில் றெயில் கடவைக் கேற் விழுந்து மறித்தது. எங்களைக் கடந்து போனது அதே றெயின்தான். அவர் பைலை உயர்த்திக் காட்டினார்; யாருக்கென்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கார்ட் கொடியைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். பெட்டி வாசலில் அவருடைய மனைவி, பையைத் தோளில் போட்டபடி. கணவர் ஏறினார். பைலைப் பார்த்ததும் மனைவியின் முகம் வாடிவிட்டது. பிறகு என்னைப் பார்த்தார்.

"கெடுத்துப் போட்டீங்கள் தம்பி. பைல் இல்லாட்டி ஒப்பறேசனும் இல்லை, தப்பீட்டன் எண்டு, இறங்கி வீட்டை போக வெளிக்கிட்டு நிண்டனான்."

பிந்தவைத்ததற்கு மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியும். நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு எப்படிக் கேட்பதென்று எந்த மேலதிகாரியும் சொல்லித் தந்ததில்லை.