இடது கண்ணுக்குக் கீழே ஒரு மைப்பொட்டு

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். ஒரு டிஷர்ட்டில் குறை இல்லை என்று சூப்பர்வைசரே சொன்னாலும், ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்க்காமல் நம்பமாட்டேன். வீட்டிலும் அப்படித்தான். பாலில் தண்ணீர், பக்கத்து வீட்டில் என் சோப்பு, முனீஸ் கவிழ்த்து வைக்கும் போன்... எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம். "ஒனக்கு மண்டை பூராம் செக்கிங்குடி" என்று முனீஸ் சிரிப்பான்.

அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். இது நடந்தது. என் உள்ளங்கைக்குக் கீழேயே நடந்தது. நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

முனீஸ் என் வீட்டுக்காரன். இருவருக்கும் உசிலம்பட்டிப் பக்கம். ஒரே கம்பெனியில் பழகி, இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு கட்டிக்கொண்டோம். என் அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. இந்தத் திருப்பூரில் எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். அவனும் இல்லையென்றால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

அப்போது திருமுருகன்பூண்டியில் குடியிருந்தோம். பூண்டியில் பொழுதுக்கும் உளிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் முன்பு ஒரு சிற்பப் பட்டறை இருந்ததாம். அதை அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். தகரக் கொட்டகையும், உடைந்த கல் நாலைந்தும், ஒரு மார்பளவுச் சிலையும் மட்டும் அங்கேயே கிடந்தன.

முனீஸுக்கு நிட்டிங்கில் நைட் ஷிப்ட். அவன் காலையில் வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். நான் பொழுது சாய்ந்து வரும்போது அவன் கிளம்பிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி.

எனக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. கண் மேக்கப். அடக்கமாக மை தீட்டுவதெல்லாம் எனக்கு ஆகாது. இமைக்குழியில் அடர் மெரூன், நடு இமையில் தங்கத் தூள், லைனரைப் புருவ நுனி வரை இழுத்து ஒரு வால். தெருமுனையில் நிற்பவருக்கும் கண் தெரிய வேண்டும். வீட்டிலேயே போட்டு, வீடியோ எடுத்து, நெட்டில் ஏற்றுவேன். ஆனால் போட்டுப் போட்டுத் துடைத்ததில் என் கண் சிவந்து நீர் வடிய ஆரம்பித்தது. செக்கிங்கில் இருப்பவளுக்குக் கண்தானே சோறு போடுகிறது.

அப்போதுதான் அந்தச் சிலை நினைவுக்கு வந்தது.

இளம்பெண் முகம். மூக்கு, மூக்குத்தி, உதடு, காது எல்லாம் முடித்திருந்தார்கள். கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் மொழுக்கென்று இருந்தது. பழகுவதற்கு இதைவிட நல்ல முகம் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று சந்தோஷப்பட்டேன். மடச்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனைச் சிலைக்கு எதிரே நிறுத்திவிட்டு, மறைக்காமல் இருக்கப் பக்கவாட்டில் உட்கார்ந்து போட்டேன். மெரூன், தங்கம், வால். வெறும் இமை வீடியோவில் எடுபடவில்லை. அதனால் வெள்ளைப் பென்சிலால் கண்ணையும் வரைந்து, லைனரால் கருவிழி வைத்தேன். முதலில் வலது. பிறகு இடது.

இடது கருவிழியை வைத்து முடித்தபோது முனீஸ் டீ டம்ளரோடு வந்து, போனுக்குப் பின்னால் சிலைக்கு நேர் எதிரே நின்றான்.

"யாருடி இவ... என்னையவே பாக்குறா."

"பாத்தா பாக்கட்டும். நீ திரும்பிப் பாக்காம இரு" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அழிக்க மனசு வரவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அப்படியே விட்டேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், சிலையின் இடது கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டு. கடுகளவு. நான் வைத்தது இல்லை. என் கை வேலையில் ஒரு நூல் கூடினாலும் எனக்குத் தெரியும்.

எனக்கு உடனே வினிதா மேல் சந்தேகம். வீட்டு ஓனரின் மகள், காலேஜ் படிக்கிறாள், என் மேக்கப் பெட்டி மேல் அவளுக்கு ஒரு கண் உண்டு. கூப்பிட்டுக் கேட்டேன்.

"இல்லீங்க்கா. நான் அந்தக் கொட்டாய்ப் பக்கமே போறதில்லீங்க."

"பெறகு யாரு வச்சா? காக்காயா?"

"எனக்கென்னங்க்கா தெரியும்? எங்கம்மாவும் அந்தப் பக்கம் போக வேண்டாம்னுதான் சொல்லும்."

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. திருட்டு முழி முழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, பொட்டைத் துடைத்துவிட்டு, மேக்கப் பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.

மறுநாள் பொட்டு மறுபடியும் இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். தங்கத் தூள் குறைந்திருந்தது. நான் பிரஷ்ஷால்தான் எடுப்பேன். இதில் விரல் வைத்து எடுத்த குழி. மெல்லிய விரல். வினிதா கையில் சாவி கிடையாது. இன்னொரு சாவி இருக்கும் இடம் முனீஸுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நிமிஷம் என் சந்தேகம் வினிதாவை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பியது. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பவன் அவன். நான் இல்லாத நேரத்தில் யாரோ ஒருத்தி வருகிறாள். என் பெட்டியைத் திறந்து சிங்காரித்துக்கொள்கிறாள்.

அவன் சட்டையை எடுத்து விளக்குக்குக் கீழே விரித்தேன். இடது தோளில் மைத் தடம். இமை முடி ஒவ்வொன்றாகப் பதிந்த மாதிரி... சின்னச் சின்னக் கோடுகள். அவற்றின் மேல் தங்கத் துகள்.

"யாருய்யா அவ?" என்றேன்.

"எவ?"

"சட்டையில மூஞ்சிய வச்சுத் தேச்சவ."

சட்டையை வாங்கிப் பார்த்தான். முகம் வெளுத்தது. "சத்தியமா தெரியலடி. எனக்குப் பகல்ல தூக்கமே சரியில்ல. யாரோ பக்கத்துல உக்காந்திருக்க மாதிரியே இருக்கு."

நான் நம்பவில்லை. ஆம்பளை மாட்டிக்கொண்டால் இப்படித்தான் பேசுவான் என்று நினைத்தேன். ஆனால் அவன் கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. அதையும் அவளோடு பேசிப் பேசித் தூக்கம் கெட்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம். நான் கேட்டைத் திறக்கும்போது பின்பக்கம் அவன் குரல்.

"சரிங்க... நீங்க சொன்னா சரிங்க... நாளைக்கே வெச்சுக்கலாமுங்க."

முனீஸ் உசிலம்பட்டிக்காரன். மேனேஜரிடம்கூட இப்படி இந்த ஊர்க்காரர்கள் மாதிரி 'ங்க' போட்டுக் குழைந்து பேசியதில்லை. உள்ளூர்க்காரி எவளோ ஒருத்தியோடுதான் போனில் பேசுகிறான் என்று பாய்ந்து உள்ளே போனேன்.

போன் முன்னறையில் சார்ஜில் கிடந்தது.

அவன் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தூக்கத்தில் எழுந்தவன் போல விழித்தான். "வந்துட்டியா" என்றான். யாரோடு பேசினாய் என்று கேட்டதற்கு, "நான் எங்கடி பேசுனேன்" என்றான்.

அவன் ஷிப்டுக்குப் போன பிறகு, பனியன் வேஸ்ட் துணியைச் சிலை முகத்தில் நாலு சுற்று சுற்றிப் பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள். அந்தக் கண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. நாளைக்கே என்றானே... கையும் களவுமாகப் பிடித்தாக வேண்டும். வயிற்று வலி என்று பொய் சொல்லி, அரை நாள் பர்மிஷன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டு ஐந்து. பட்டப்பகல். முன்கதவு உள்தாழ்ப்பாள்.

தட்டவில்லை. சந்து வழியாகப் பின்னால் போனேன்.

உளிச் சத்தம் இல்லை. ஒரு பட்டறையிலும் இல்லை. பூண்டியில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே கிடையாது.

கொட்டகைக்குள் முனீஸ் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். குளித்துத் தலை சீவி, எங்கள் கல்யாணத்துக்குப் போட்ட பட்டுச் சட்டையில். எதிரே சிலை. நான் கட்டிய துணி அவிழ்ந்திருந்தது. மடித்து, ஓரமாக வைத்திருந்தது.

வேறு யாரும் இல்லை. எந்தப் பெண்ணும் இல்லை.

அவன் கையில் ஒரு மஞ்சள் கயிறு. புதுசு.

"முனீஸ்..."

திரும்பவில்லை. கண்ணை மூடியிருந்தான். இரண்டு கையிலும் கயிற்றைப் பிடித்து, மெதுவாக, சிலையின் கழுத்துக்குக் கொண்டுபோனான்.

"ஏய்யா... ஏய்யா, இங்க பாரு."

கர்ர்ர்ர்...

கல் தரையில் உரசும் சத்தம்.

ரெண்டு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கல் அது. அது முன்னால் குனிந்தது.

கழுத்தைக் கொடுத்தது.

நான் ஓடினேன். அவன் கையைத் தட்டிவிட்டேன். கயிறு எங்கோ விழுந்தது. சிலையின் முகத்தில் என் இரண்டு உள்ளங்கையையும் வைத்துப் பொத்தினேன்.

கல் சூடாக இருந்தது.

என் கைக்குக் கீழே...

இமை...

சிமிட்டியது.

ஒரு தடவை. ரெண்டு தடவை. முடி உள்ளங்கையில் கீறியது.

நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவன் போய்விடுவான் என்று மட்டும் தெரிந்தது. சுடிதார் ஷாலால் தேய்த்தேன். எச்சிலைத் துப்பித் தேய்த்தேன். மெரூனும் கறுப்புமாக என் கையெல்லாம் வழிந்தது. கல் மொழுக்கென்று ஆகும்வரை தேய்த்தேன்.

எங்கோ ஒரு உளிச் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

"ராணி... நீ எப்ப வந்த?" என்றான் முனீஸ். "எதுக்குடி நான் பட்டுச் சட்டை போட்டிருக்கேன்?"

அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். இத்தனை நாள் இல்லாத பெண்ணைத் தேடி அவனைத் திட்டித் தீர்த்திருந்தேன்.

என் அழுகைச் சத்தம் கேட்டு வந்த வினிதாதான் ஓடிப்போய்ச் சிற்பியைக் கூட்டி வந்தாள். அவர் பெயர் ஞானசம்பந்தம். அடுத்த தெருவுக்குப் பட்டறையை மாற்றியவர். என் கையில் இருந்த மையையும் சிலையையும் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க அம்மிணி. கண்ணு தொறக்கறதுன்னா சும்மாங்களா? அப்ப செலைக்கு நேரா, எதுக்கால ஆளு நிக்கவே கூடாதுங்க. கண்ணாடியத்தான் காட்டுவோம்."

நான் முனீஸைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரு செலைங்க இது?"

"பேரு வேண்டாங்க. நிச்சயத்தன்னைக்கு அந்தப் புள்ளையச் சிங்காரிச்சு உக்கார வெச்சாங்க. மாப்பிள்ளை வரவே இல்லீங்க. பொழுது சாயற வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்துச்சாம். அந்த வாரமே காய்ச்சல்ல போயிருச்சு. அவங்கம்மாதான் செலை வேணும்னு கேட்டாங்க. கண்ணு தொறக்கற அன்னைக்கு அவங்களே ஓடியாந்து என் கையப் புடிச்சுட்டாங்க."

"எதுக்கு?"

"கண்ணு மட்டும் வேண்டாஞ் சாமி. முதல்ல பாக்கறவனத்தான் மாப்பிள்ளைன்னு நெனச்சுக்குவா... அப்படின்னாங்க. செலையவும் எடுத்துட்டுப் போகல."

மாதிரிக்கு அவர்கள் கொடுத்த போட்டோ அவர் போனில் இருந்தது. காட்டினார். நிச்சயத்துக்குச் சிங்காரித்த பெண். இமைக்குழியில் அடர் மெரூன். நடு இமையில் தங்கம். புருவ நுனி வரை ஒரு வால். நான் அந்தப் படத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

இடது கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புப் பொட்டு.

"அது அவங்கம்மா வெச்சதுங்க. கண்ணு பட்டறக் கூடாதுன்னு" என்றார்.

அன்று சாயங்காலமே ஆள் வைத்து, முகத்தில் சாக்கைக் கட்டிச் சிலையை எடுத்துப்போனார். அந்த மாதமே நாங்கள் அவிநாசிக்குக் குடிமாறினோம். மேக்கப் பெட்டியைக் குப்பையில் போட்டேன். முனீஸ் பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டான். நன்றாகச் சாப்பிடுகிறான். பழையபடி என்னைக் கேலி செய்கிறான்.

எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன். போன வாரம் அவன் தூங்கும்போது முகத்தைப் பார்த்தேன். இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம். கடுகளவு. முன்பே இருந்ததாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கல்யாண ஆல்பத்தை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். செக்கிங் கண் எனக்கு.

ஒரு படத்திலும் அந்த மச்சம் இல்லை.

பஞ்சை நனைத்து எடுத்து வந்து, மெதுவாகத் துடைத்தேன். நுனியில் லேசாகக் கறுப்பு ஒட்டியது. மறுபடி கையைக் கொண்டுபோனேன்.

அவன் கண்ணைத் திறக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி மென்மையாக இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"அழிச்சறாதீங்க்கா. எங்கம்மா வெச்சதுங்க."