அணுக்கள் அழிவதில்லை

நறுவிலிக்குளத்திலிருந்து மன்னார்த் தீவிலுள்ள பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்த புதிதில், அணுக்கள் அழிவதில்லை, இடம்தான் மாறுகின்றன என்று பாடம் நடத்தினேன்.

"கடலிலை தாண்டு செத்துப்போன ஆக்களின்ரை அணுவும் அழியாதோ, டீச்சர்?" என்று ஒரு சிறுமி எழும்பிக் கேட்டாள்.

கெட்டிக்காரக் கேள்வி என்று எனக்குப் பெருமை. "ஓம், தண்ணியிலை, உப்பிலை, மீனிலை எல்லாம் இருக்கும்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு இருந்தாள்.

அடுத்த கிழமை அவளுடைய தாய் வந்தார். சத்தம் போடவில்லை.

"இவளின்ரை அப்பா கடல்தொழிலுக்குப் போனவர், திரும்பி வரேல்லை, டீச்சர். உடம்பும் கிடைக்கேல்லை. இப்ப பிள்ளை மீனைத் தொடுறாளில்லை. எங்கடை வீட்டிலை வேறை என்ன கறி இருக்கு?"

நான் சொன்னதில் பிழையில்லை. பிழையென்றால் அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, சொன்னதைத் திருத்தியிருப்பேன்.