இரண்டு தண்ணிப் பம்புகள்

குணேஸ்வரி கிணற்றடியில் குந்தியிருந்து, காரிலிருந்து மெக்கானிக் கழற்றிக் கொடுத்த தண்ணிப் பம்பை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினாள். முன்பென்றால் இது அவளுடைய புருஷன் தவராசாவின் வேலை. துறைமுகப் பட்டறையில் முப்பது வருடம் எஞ்சின்களோடு கிடந்த மனிதர். ஓய்வுபெற்ற நாலாம் மாதம் பேச்சுக் குறைந்தது. இப்போது சாப்பாட்டுக்கும் மருந்துக் குளிசைக்கும் தலையாட்டுவதோடு சரி. ஒரு வருடமாக அந்த வீட்டில் கேட்பது அவள் குரல் ஒன்றுதான்.

உதிரிப்பாகக் கடை ஸஜ்ஜாத் அவள் கொண்டுபோன பழைய பம்பைத் திருப்பிப் பார்த்தான்.

"டீச்சர், உள்ளுக்குச் சுத்துற இதழையெல்லாம் துரு திண்டிருக்கு. ரேடியேட்டருக்குக் கிணத்துத் தண்ணியா ஊத்துறீங்க?"

"ஓம். நாங்கள் குடிக்கிற தண்ணிதானே?"

"நம்மட வயிறு அந்த உப்பைத் தாங்கும் டீச்சர், இரும்பு தாங்காது."

இரண்டு புதுப் பம்புகளை எடுத்து வைத்தான். ஒன்றில் பிளாஸ்டிக் இதழ். துருப்பிடிக்காது, ஆனால் எஞ்சின் கொதித்தால் வெடித்துவிடும். மற்றது வார்ப்பிரும்பு, கிணற்றுத் தண்ணியை விட்டுக் கூலண்ட் திரவம் மட்டும் ஊற்றினால் பல வருடம் ஓடும்.

"தவராசா சேரிட்டக் கேளுங்க. முந்தி வந்தா கடையையே கவுத்துப்போட்டுத்தான் ஒண்டு எடுப்பார். காதுல வச்சுச் சுத்திப் பார்த்து, 'இது கீச்செண்டு அழுகுது, மற்றதைத் தா' எண்டுவார்."

இரும்புதான் என்று அவள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். ஆனாலும் இரண்டையும் கேட்டு வாங்கினாள். தெரிந்தவர்களுக்கு அப்படிக் கொடுத்துவிடுவது அவன் வழக்கம். வேண்டாததைப் பின்னேரத்துக்குள் திருப்பினால் போதும்.

வீட்டில், தவராசா படுத்திருந்த கட்டிலில் பேப்பர் விரித்து, பம்புகளை அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, எதைக் காரில பூட்டச் சொல்ல?"

அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசு போனது என்னாலதான். நீங்கள் வேண்டாமெண்டு சொல்லச் சொல்ல, கிணத்துத் தண்ணிதான் ஊத்தினனான்."

ஏச்சு விழும் என்று நின்றாள். 'உனக்கு எத்தினை தரம் சொன்னனான்' என்று தொடங்குவது, அவளுக்கு மனப்பாடம். விழவில்லை.

"அப்ப பிளாஸ்டிக்கையே பூட்டட்டே?"

வேண்டுமென்றேதான் பிழையானதைத் தூக்கிக் காட்டினாள். இதற்காவது வாய் திறக்காமலா இருப்பார்? அவர் விரல் இரும்புப் பம்பின் தண்டில் போய்ப் பட்டது.  ஆனால் விரல் அதைச் சுழற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் கை தானாகப் போர்வைக்குள் போனது.

"ஸஜ்ஜாத் அஞ்சு மணிக்குக் கடையைப் பூட்டிப்போடுவான். இரும்பையே பூட்டச் சொல்லுறன். சரிதானே?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். குணேஸ்வரி இரண்டு பம்புகளையும் பேப்பரோடு அள்ளிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.