ரைஸ் மில் என்று சொல்லாத சக்கரவர்த்தி

எங்கள் எதிர்வீட்டு சக்கரவர்த்திக்கு உலகத்தில் பிடிக்காத சொல் ஒன்றே ஒன்றுதான்: ரைஸ் மில்.

இத்தனைக்கும் அவர் தினமும் படுத்துத் தூங்குவது ரைஸ் மில்லில்தான். நானும் அப்படித்தான். வேங்கிக்கால் பக்கம் கலெக்டர் ஆபீஸ் வந்து நிலத்துக்கு மவுசு கூடியதும், மில்காரரின் பிள்ளைகள் நெல் அரைத்தது போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். பாய்லர் போனது, நெல் காய்ந்த சிமெண்ட் களம் போனது, மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பின. பில்டர் வாசலில் ‘எமரால்டு மெடோஸ்’ என்று தங்க எழுத்தில் பெயர் வைத்தார். மரகதப் புல்வெளி என்று அர்த்தமாம். இங்கே புல் மாதிரி முளைப்பது ஒன்றுதான் உண்டு. மழை பெய்தால், கார் நிறுத்துமிடத்துச் சிமெண்ட் வெடிப்புகளில் பழைய களத்து நெல் தலைநீட்டும். சக்கரவர்த்தி காலையில் பேப்பர் எடுக்க வரும்போதே குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிடுவார்.

மனிதர் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ரமணாசிரமம் பக்கம் வாடகை வீடு. வெள்ளைக்காரர்கள் வந்து தங்கத் தங்க, வீட்டுக்காரர்கள் இவரை ஒவ்வொரு வீடாகக் காலி செய்ய வைத்தார்கள். கடைசியில் ஒரு வழியாகச் சொந்த வீடு. அதை ஒருவன் மில் என்றால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்காதா? பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி எமரால்டு மெடோஸ் என்பார். “எது சார், ரைஸ் மில்லா?” என்பான் ஆட்டோக்காரன். உடனே இறங்கிவிடுவார். அப்படி இறங்கி இறங்கியே, காய்கறிப் பையோடு வீடு வரைக்கும் நடந்து வந்த நாட்கள் உண்டு. நான் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் வாடிக்கையாளர் ஒருவரிடம் போனில் “ரைஸ் மில்லாண்ட வந்துடுங்க” என்று சொன்னது இவர் காதில் விழுந்து, ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சுற்றுச்சுவரில் மில்லின் பெயர் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்கிற அதிகாரத்தில் அதன்மேல் பெயிண்ட் அடிக்க வைத்தார். ‘ரைஸ்’ மறைந்தது. ‘மில்’ மட்டும் ஒவ்வொரு மழைக்கும் எட்டிப் பார்த்தது.

போன வருஷம் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், முகமெல்லாம் சிரிப்பாக என் வீட்டுக் கதவைத் தட்டினார். செல்போன் மேப்பில் எங்கள் கட்டடத்தின் பெயரை அவரே ஏற்றிவிட்டாராம். கிரிவலம் போகும் வழியில் கால் கடுத்து, அடி அண்ணாமலைப் பக்கம் மூலிகை சூப் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சூப்பைக் குடித்துக்கொண்டே ஏற்றியிருக்கிறார். இந்த இடமா என்று போன் கேட்டதாம், ஆமாம் என்று அமுக்கினாராம். இனி யார் வாயிலும் மில் வராது என்றார். நானும் கைகொடுத்து வாழ்த்தினேன். வீட்டுக்கு வர மேப் பார்க்கிறவர்கள் எங்களில் யாரும் இல்லை. அதனால் யாரும் அதைச் சரிபார்க்கவும் இல்லை.

இதற்கிடையில் அவர் மகள் மதிவதனிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை விமல்ராஜ் போளூரில் பள்ளி ஆசிரியர். போட்டோ பார்த்து, போனில் பேசி, இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பெரியவர்கள் வந்து பார்த்துப் பேசி முடிப்பது ஒன்றுதான் பாக்கி. ஏற்கெனவே இரண்டு இடம் ஜாதகம் பொருந்தியும் காரணமே தெரியாமல் நழுவிப் போயிருந்ததால், வீட்டில் எல்லாருக்கும் உள்ளூர உதறல். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வந்து தட்டு மாற்ற வேண்டும் என்பதில் மாப்பிள்ளை வீட்டார் கறாராக இருந்தார்கள். சக்கரவர்த்தி அவர்களுக்கு அனுப்பியது மேப்பை மட்டும்தான்.

அன்று நாங்களும் அங்கேதான் இருந்தோம். என் மனைவி கைசர் ஜஹான் சமையலறையில் அருணாதேவி அம்மாவோடு பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். மூன்று மணி தாண்டியும் யாரும் வரவில்லை. போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா அர்ஜுனன், கலசபாக்கம் பக்கத்து விவசாயி. சக்கரவர்த்தி எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், மேப்பு வந்துட்டீங்கன்னு சொல்லுது. இங்க சூப் கடை ஒண்ணுதான் இருக்குது.”

நான் சக்கரவர்த்தியைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அவர்கள் இருந்தது மலைக்கு அந்தப் பக்கம். சக்கரவர்த்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வழி சொன்னார்: கலெக்டர் ஆபீஸ் தாண்டி, இடது பக்கம், பச்சை கேட். வேங்கிக்காலில் வீட்டுக்கு வீடு பச்சை கேட்தான். அடுத்த போன் ஒரு பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து வந்தது. அதற்கடுத்தது யாரோ ஒரு டாக்டர் வீட்டு வாசலிலிருந்து. பக்கத்தில் ஏதாவது அடையாளம் உண்டா என்று ஒவ்வொரு தடவையும் அர்ஜுனன் கேட்டார். இவர் ஏடிஎம் என்றார், வேப்பமரம் என்றார். வாயில் வரவேண்டியது மட்டும் வரவில்லை. நான் வாயைத் திறக்கப் போக, கையமர்த்திவிட்டார்.

மறுபடி போன். “கேட்டவங்க எல்லாம் அப்படி ஒரு இடமே இல்லன்றாங்க சார். வீட்ல வேற நேரம் ஆவுதுன்றாங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாமா?”

சம்பந்தம் பேசும் இடத்தில் இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது. அறை வாசலில் மதிவதனி பட்டுப்புடவையோடு வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது.

சக்கரவர்த்தி அவளைப் பார்த்தார். “ரைஸ் மில்லு” என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

“கேக்கல சார்.”

“ரைஸ் மில்லுங்க. பழைய ரைஸ் மில்லு!”

மூன்று கட்டடத்துக்கும் கேட்டிருக்கும். போனில் அர்ஜுனன், “அட, நம்ம மில்லா?” என்றார்.

பஜ்ஜிக்கு எண்ணெய் காய்வதற்குள் கார் வந்துவிட்டது. நாங்கள் கீழே ஓடினோம். அர்ஜுனன் மாடி ஏறாமல் கார் நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். எடைமேடை இருந்த இடம் இது, டிராக்டரோடு காத்துக் கிடந்த இடம் அது என்று மகனுக்குக் காட்டினார். காலை அவசரத்தில் சக்கரவர்த்தி பிடுங்காமல் விட்ட ஒரு நாற்று வெடிப்பில் நின்றது. அதைக் குனிந்து தடவினார்.

“என் கல்யாணச் சோறே இந்த மில்லுல அரைச்ச அரிசிதான்” என்றார். “மில்லுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கண்ண மூடிக்கிட்டு வந்திருப்பேனே, சம்பந்தி.”

இன்னும் பெண்ணையே பார்க்கவில்லை, அதற்குள் சம்பந்தி என்றுவிட்டார். ராகு காலம் பிறந்துவிடும் என்று அர்ஜுனனின் மனைவிதான் எல்லாரையும் மேலே விரட்டினார்.

கல்யாணம் தை மாதம். நேற்று அழைப்பிதழின் புரூஃப் வந்தது. எமரால்டு மெடோஸ் என்று பெரிதாகப் போட்டு, அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் பழைய ரைஸ் மில் என்று பிரஸ்காரர் சேர்த்திருந்தார். சக்கரவர்த்தி என் கடைக்கே வந்து சிவப்புப் பேனா கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுத்தேன். அவர் அடித்தது அடைப்புக்குறியை.

“எழுத்தையும் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லணும் பாய்” என்றார். “ஜனங்க சூப் கடைக்குப் போயிடுவாங்க.”