பொங்கியண்ணன் கேட்ட வருஷம்

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது நாமக்கல்லில் இருந்து சென்னியப்பன் கூப்பிட்டான். "பொங்கியண்ணன் போயிட்டாருப்பா" என்றான். விடியக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டது உயிர், ஒரு தொந்தரவும் இல்லை என்றான். "போன வாரம் பாக்கப் போனேன். அப்பக்கூட அந்த வருசத்தைத்தான் கேட்டாரு." நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "எழுபத்தஞ்சுன்னுதான் சொன்னேன். வேறென்ன சொல்லச் சொல்ற?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாகக் கிடக்கிறவரிடமும் அதே பொய்யா? போனை வைத்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினேன்.

பொங்கியண்ணனை லாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். நாமக்கல்லில் அவர் பட்டறையில் பாடி கட்டிய லாரி எத்தனை வருஷம் ஓடினாலும் பலகை கிறீச்சிடாது என்பார்கள். அவரைப் பற்றி நான் எழுத வந்தது வேறு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தப் பட்டறையில் கூடிய எங்கள் சின்னக் கூட்டத்தில் மிச்சமிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த விவகாரத்தை வெளியார் யாரும் எழுத முடியாது.

பாதி கட்டிய லாரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசுவோம். சென்னியப்பன் கோழிப்பண்ணைக்காரன். நான் சேலத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறியில் மனம் ஒட்டாமல் அஸ்தம்பட்டியில் ஏற்காடு சாலையை ஒட்டி வண்டி உதிரிபாகக் கடை வைத்தவன். பேச்சு ஒன்றே ஒன்றுதான், வெளிநாட்டுப் பந்தய மோட்டார் சைக்கிள். தாழ்ந்த ஹேண்டில்பார் முதலில் எந்த வருஷம் வந்தது, ஐந்தாவது கியரை முதலில் போட்டவன் யார், நாலு சிலிண்டரைக் குறுக்காக வைத்தது ஜப்பான்காரனா இத்தாலிக்காரனா. எங்களில் ஒருவரும் அந்த வண்டிகளைக் கண்ணால் கண்டதில்லை. அதனாலேயே அவ்வளவு அடித்துப் பேசினோம். வருஷத்தைக்கூட எங்கள் வழக்கப்படிதான் சொல்வோம். "எங்க கெணறு வத்துச்சு பாரு, அதுக்கு முந்துன வருசமே அஞ்சாவது கியரு வந்துருச்சு" என்பான் சென்னியப்பன். பொங்கியண்ணன் அசைய மாட்டார். "படம் இருந்தாப் பேசு, இல்லீன்னா டீயைக் குடி" என்பார்.

அவரிடம் படம் இருந்தது. சேலத்தில் பழைய பேப்பர் கடைகளில் வெளிநாட்டுப் பத்திரிகைகளைத் தேடிக் கிழித்துவந்து பட்டறைத் தகரத்தில் ஒட்டிவைப்பார். அதில் ஒரு படம் அவருடைய தம்பி தங்கவேலுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பந்தயத்துக்காகத் திருத்திய நாலு சைலன்சர் வண்டி. தங்கவேலு அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தான். அப்பா போன பிறகு அண்ணன்தான் அவனைத் தூக்கி வளர்த்தவர். அவனுக்கு இல்லை என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அவனிடம் இருந்தது நம் ஊர் இரட்டைச் சைலன்சர் வண்டி. "அண்ணா, இதே மாதிரி பண்ணித் தாங்கண்ணா" என்றான்.

பண்ணினார். மனிதர் லாரியையே கட்டுகிறவர், இதென்ன பெரிய வேலை? ஹேண்டில்பாரை வெட்டித் தாழ்த்தினார். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளினார். பல்சக்கரத்தை மாற்றி வேகத்தைக் கூட்டினார். சீட்டுக்குப் பின்னால் மாட்டுத் திமில் மாதிரி ஒரு மேடு வைத்தார். படத்தில் முன்சக்கரத்தின் ஓரமாக வட்டமாக ஒரு பளபளப்பான தகடு தெரிந்தது. தகடு முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துளைகள். எங்கள் ஊர் லாரிக்காரர்கள் சக்கரத்துக்கு எவர்சில்வர் மூடி கேட்டு வாங்கி மாட்டுவார்கள், வெறும் அழகுக்கு. அதுபோல இதுவும் ஒரு அழகுத் தகடு என்றுதான் அவர் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். தகட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கறுப்புக் கட்டி எதற்கு என்று சென்னியப்பன் கேட்டான். "தகடு ஆடாம இருக்கறதுக்கு. நான் போல்ட் போட்டு முறுக்கிப்போட்டா அது எதுக்கு?" என்றார். எவர்சில்வர் தகட்டை வட்டமாக வெட்டி, துளை போட்டு, தேய்த்து மெருகேற்றி மாட்டினார். தங்கவேலு அதைத் துடைத்துத் துடைத்து மகிழ்ந்தான். பிரேக், வண்டியோடு வந்த, சக்கரத்துக்குள்ளேயே பிடிக்கிற பழைய டிரம் பிரேக்தான்.

எழுபத்து மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் என் கடையைத் தாண்டி ஏற்காட்டுக்குப் போனான். ஹாரன் அடித்துக் கையைத் தூக்கிவிட்டுப் போனான். வெயிலில் அந்தத் தகடு பளிச்சென்று அடித்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. மத்தியானம் இறங்கும்போது மலைப்பாதையில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் கைப்பிடிச் சுவரில் மோதினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வண்டி நசுங்கிப்போயிருந்தது. தகட்டில் மட்டும் ஒரு கீறல் இல்லை. பொங்கியண்ணன் அதைக் கழற்றி எடுத்துவந்து பட்டறையில் மாட்டினார்.

அவர் அப்போது இடிந்துபோனாலும் விதி என்று சொல்லி ஒருவாறு தேறினார். எங்கள் ஞாயிற்றுக்கிழமையும் மெல்லத் திரும்பியது. எண்பது வாக்கில் சென்னியப்பனின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோதுதான் வினை வந்தது. பட்டறையைச் சுற்றிப் பார்த்தவர் தகரத்தில் இருந்த படத்தைக் காட்டி, "டிஸ்க் பிரேக் வண்டிங்களா?" என்றார். எது பிரேக் என்று கேட்டார் பொங்கியண்ணன். வந்தவர் தகட்டின்மேல் விரலை வைத்தார். கறுப்புக் கட்டி இருபுறமும் நெருக்கித் தகட்டைக் கவ்விப் பிடிக்கும், அதுதான் வண்டியை நிறுத்துகிறது என்று விவரமாகச் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? பொங்கியண்ணன் கையில் இருந்த டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதிலிருந்து அவருக்கு ஒரே கேள்வி. டிஸ்க் பிரேக் முதலில் வந்தது எந்த வருஷம்? தங்கவேலு போனதற்குப் பிறகுதான் வந்தது என்றால் படத்தில் இருந்ததும் அழகுத் தகடுதான். சிங்கப்பூர்க்காரர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிடலாம். முன்பே வந்துவிட்டது என்றால் அவர் பிரேக்கைப் பார்த்துப் பொம்மை செய்தவர் ஆகிறார். சென்னியப்பன் சட்டென்று சொன்னான், "எழுபத்தஞ்சுங்கண்ணா. அதுக்கு முன்னால கெடையவே கெடையாது." மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். அறிந்து சொன்னவன் ஒருவனும் இல்லை. வாரா வாரம் கேட்பார், வாரா வாரம் எழுபத்தைந்து என்பார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியாததை நான் சொல்வதில்லை.

மதராஸுக்குச் சரக்கு எடுக்கப் போனபோது, வெளிநாட்டு வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். அடுத்த ஞாயிறு பொங்கியண்ணன் என்னைப் பார்த்து நேராகக் கேட்டார். "ஏப்பா குமரேசா, நீ ஒண்ணுமே சொல்ல மாட்டீங்கறயே?" நான் சொன்னேன். "அறுபத்தொன்பதுலயே ஜப்பான்காரன் நாலு சிலிண்டர் வண்டில போட்டு வித்துப்போட்டானுங்கண்ணா. இத்தாலிக்காரன் அதுக்கும் முன்னாலயே ஸ்கூட்டர்ல போட்டுருக்கான்." சென்னியப்பன் பாய்ந்தான். "ஸ்கூட்டரெல்லாம் கணக்குல வராதுப்பா. உனக்கு எவன் சொன்னான்?" யாரும் சிரிக்கவில்லை. பொங்கியண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார். சென்னியப்பன் என்னைச் சட்டையைப் பிடிக்காத குறையாகத் திட்டினான். "உண்மையைச் சொல்லி என்னத்தைக் கிழிச்ச நீ? மனுசன் தூங்கட்டும்னுதான நாங்க சொல்லிட்டு இருந்தோம்?"

அடுத்த வாரம் பொங்கியண்ணன் பஸ் ஏறி என் கடைக்கே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டுக் குடித்தார். நான் மேஜையை விட்டு எழுந்து வந்தேன். "அப்பவே வந்திருந்தாலும் நம்ம ஊருல கெடைக்காதுங்கண்ணா. தெரிஞ்சிருந்தாலும் எங்க போய் வாங்கியிருப்பீங்க?" என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாங்கியிருக்க முடியாது சாமி. ஆனா அது பிரேக்குனு தெரிஞ்சிருந்தா, அந்த வேகத்துக்கு அந்தப் பிரேக்கு வேணும்னு தெரிஞ்சிருக்குமில்ல? அப்பறம் மத்த வேலையை நான் பண்ணியிருப்பனா?"

எண்பதுகளின் நடுவில், கொல்லிமலை பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் சேந்தமங்கலத்துச் சாலையில் நாலு சிலிண்டர் வண்டியை நிறுத்தியிருப்பதாகச் செய்தி வந்தது. மூவரும் ஓடினோம். வாழ்நாள் முழுக்க நாங்கள் சண்டை போட்ட வண்டி முதன்முதலாகக் கண்ணெதிரே நிற்கிறது. சென்னியப்பன் சைலன்சரை எண்ணினான். பொங்கியண்ணன் எதையும் பார்க்கவில்லை, முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து தகட்டில் விரலை வைத்தார். வண்டி மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது, வழியெல்லாம் பிரேக் பிடித்த சூடு தகட்டில் இருந்தது. விரல் சுட்டும் அவர் கையை எடுக்கவில்லை, நான்தான் பிடித்து இழுத்தேன். நுனி சிவந்துபோயிருந்தது. "சுடுது" என்றார். எழுந்து நடந்தவர் கொஞ்ச தூரம் போய் நின்றார். "என்ற தம்பி வண்டித் தகடு எப்பத் தொட்டாலும் ஜில்லுனுதான் இருந்துச்சு." அங்கே சாலையோரத்திலேயே அவர் அழுதார். தம்பிக்குக் கொள்ளி வைத்த அன்றுகூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு பட்டறையில் ஒரு வழக்கம் வந்தது. லாரியில் எதை மாட்டச் சொன்னாலும், "இது என்ன வேலை செய்யுதுங்க?" என்று கேட்பார். அழகுக்கு என்றால் மாட்ட மாட்டார். ஒருமுறை ஒரு லாரிக்காரர் நெற்றியில் வரிசையாக லைட் வேண்டும், ஆனால் ஒயர் இழுக்க வேண்டாம், சும்மா பார்வைக்கு இருக்கட்டும் என்றார். "எரியாத லைட்டை நான் வெக்க மாட்டேனுங்க. வேற பட்டறை பாருங்க." கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பொங்கியண்ணனை எடுத்து எல்லாம் முடிந்த பிறகு அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது சென்னியப்பன் மறுபடி ஆரம்பித்தான். "அன்னிக்கு நீ சொல்லாம இருந்திருக்கலாம். இத்தனை வருசம் மனுசன் வெந்து போனாரு." நான் விடவில்லை. "நீதான் கடைசி வரைக்கும் அவரைக் கொழந்தையாட்ட ஏமாத்துன." இரண்டு கிழவர்கள் துக்க வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினோம். உள்ளேயிருந்து பாவாயி அக்கா வந்தார். பொங்கியண்ணனின் மனைவி, அழுது குரல் கம்மிப்போயிருந்தது. கையில் துண்டில் சுற்றிய ஒன்றை வைத்திருந்தார்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க தம்பி. நானே அவரைக் கேட்டிருக்கேன், வருசந்தான் தெரிஞ்சுபோச்சே, அப்பறம் எதுக்கு சென்னியப்பன்கிட்டயே கேட்டுட்டு இருக்கீங்கன்னு. குமரேசன்கிட்ட ஒருக்காக் கேட்டாப் போதும், சென்னியப்பன்கிட்ட நெதமும் கேக்கோணும்னு சொல்லுவாரு."

சென்னியப்பன் தன் தோள்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். அக்கா கையில் இருந்ததை என்னிடம் நீட்டினார். "இதை ஊட்டுல வெக்கவும் மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. நீங்களே எடுத்துட்டுப் போங்க." துண்டைப் பிரிக்காமலே அந்தத் தகடு என்று தெரிந்தது. வாங்கிக்கொண்டேன்.

தகடு இப்போது என் கடை மேஜைமேல் இருக்கிறது. நான் செய்தது சரியா என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை. நம்மில் யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிற பையன்கள் எதிரே டீக்கடையில் வண்டியை நிறுத்துகிறார்கள். எல்லா வண்டியிலும் முன்சக்கரத்தில் டிஸ்க் இருக்கிறது, அது எந்த வருஷம் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இன்று காலை கடையிலிருந்து எழுந்து போய் ஒரு வண்டியின் டிஸ்க்கில் விரலை வைத்துப் பார்த்தேன், சுட்டது. திரும்பி வந்து மேஜைமேல் இருப்பதைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.