ராஜாங்கம் மாமாவும் ஸ்டார்ட் ஆகாத காரும்

ராஜாங்கம் மாமா போய்விட்டார்... இன்று காலையில். அவர் மகன் போன் பண்ணிச் சொன்னான்.

மாமா என்றால் சொந்தம் கிடையாது. நூல் மில் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசை. அவர் என்னை மாப்ள என்பார், நான் மாமா என்பேன். ரிட்டயர் ஆன பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

குரூப்பில் எல்லாரும் கும்பிடுகிற எமோஜி போடுகிறீர்கள். எனக்கு இன்னும் கை வரவில்லை. கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது... அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

திருநகரில் அவர் வீட்டு ஷெட்டில் ஒரு பச்சைக் கலர் கார் நின்றதே, பார்த்திருப்பீர்கள். 1940களில் மதுரை டாக்டர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைத்தது. மாமாவின் அப்பாதான் டிரைவர். கடைசிக் காலத்தில் டாக்டர் வண்டியை அவருக்கே கொடுத்துவிட்டார்.

வெயில் ஏறிவிட்டால் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகும். விடியற்காலையில் மட்டும் ஆகாது. மார்கழி என்றால் கேட்கவே வேண்டாம்.

என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்தோம். ஆறு மணி முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்பு அதற்கும் முன்னால், இருட்டோடு.

மாமாவாகத்தான் சொன்னார். "நம்ம புள்ள கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்பு நம்ம காருலதான். வேற வண்டி எதும் பேசிப்புடாத."

நான் அலங்காநல்லூருக்குப் போய்ச் சம்பந்தியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இனி அந்தக் கார் இருட்டோடு ஸ்டார்ட் ஆகியே தீர வேண்டும்...

மார்கழி முழுக்கச் சமயநல்லூரிலிருந்து பைக்கில் போனேன். தலையில் மஃப்ளர், பையில் ஸ்பேனர் செட்.

சோக் கேபிளை மாற்றினோம். பிளக் மாற்றினோம். பாயிண்ட்டைத் தேய்த்தோம். ஊஹூம். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றியதில் அது திருப்பி அடித்து என் மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

"எங்கப்பா வெந்நித் துணிய இன்ஜின் மேல சுத்தி வைப்பாரு மாப்ள. டாக்டரு பிரசவம் பாக்க அவசரமாக் கெளம்பணும்ல."

"அதுக்காக, கல்யாணத்தன்னைக்குப் பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு வெந்நிச் சட்டியோடவா நிக்கிறது?" என்றேன்.

மாமா சிரித்துச் சிரித்து இருமினார். அந்தச் சிரிப்பும் பொய்தானா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

கடைசியில் பிடிபட்டது. இன்ஜினையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் இணைக்கிற எர்த் பட்டை. எந்தக் காலத்திலோ பெயிண்ட் அடித்தவர்கள் அந்தப் பெயிண்டுக்கு மேலேயே அதை முடுக்கி வைத்திருக்கிறார்கள். பெயிண்ட் கரண்டை விடாது. அதோடு ஆறு வோல்ட் பேட்டரி... குளிரில் ஆயில் கட்டியாகக் கிடக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றவே கரண்ட் போதாது, அப்புறம் பிளக்குக்கு எங்கே மிஞ்சும்?

பெயிண்டைச் சுரண்ட மாமாவுக்கு மனசே வரவில்லை. "பாத்து மாப்ள... லேசா" என்று தோள் மேலேயே நின்றார். நான் உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்துப் பட்டையை முடுக்கினேன்.

மறுநாள் விடியற்காலையில் ஒரே இழுப்பு. ஸ்டார்ட். மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் இருட்டோடு வரச் சொன்னார். போனால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம தோஸ்து. பழைய காருன்னா உசுரு. நீயே எடுத்துக் காட்டு மாப்ள" என்றார் மாமா.

அந்த ஆள் முதலில் பானட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இன்ஜின் நிஜமாகவே குளிர்ந்து கிடக்கிறதா என்று பார்த்திருக்கிறார்... கார் வாங்க வருகிறவர் செய்கிற வேலை அது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெருமையாக ஸ்டார்ட்டரை இழுத்தேன். எர்த் பட்டையைக்கூடக் குனிந்து காட்டினேன்.

பொங்கல் கழிந்து, பூ ஜோடிக்க அளவெடுக்கலாம் என்று பூக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஷெட் காலி. தரையில் ஆயில் கறை மட்டும்.

"குடுத்துட்டேன் மாப்ள. காலையில ஸ்டார்ட் ஆகாத வண்டிய எவன் வாங்குவான்... இப்பத்தான் ஆகுதுல்ல."

"அப்ப கல்யாணத்துக்கு?"

"அவரு பொங்கலுக்கு முன்னாடியே வேணும்னுட்டாரு."

அவ்வளவுதான் சொன்னார். பூக்காரர் வேறு பக்கத்தில் நின்றார், அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கல்யாணத்துக்கு மாமா வந்தார். மாப்பிள்ளை வாடகைக் காரில் வந்து இறங்கினார். சம்பந்தி நேராக என்னிடம் வந்தார்.

"எங்கண்ணே அந்தப் பழைய காரு? அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லி வச்சிருந்தேனே."

மாமா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். எனக்குள் எரிந்துகொண்டிருந்தாலும், அத்தனை பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க முடியவில்லை. "காலையில ஸ்டார்ட் ஆகல சம்பந்தி" என்றேன்.

"ஆமாங்க" என்றார் மாமா. "குளுருல மக்கர் பண்ணிருச்சு. மாப்ளயும் என்னென்னமோ பண்ணிப் பாத்தான்... அவனுக்குப் பிடிபடல."

வண்டியை விற்றதைக்கூட என்றாவது மறந்திருப்பேன். இதை முடியவில்லை. அன்றோடு அவருடன் பேச்சை நிறுத்திவிட்டேன்.

நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். திருநகருக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்...

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாமா. விற்கத்தான் என்று தெரிந்தே அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்கு ஸ்டார்ட் பண்ணிக் காட்டியிருப்பேன்.

வாரேன் மாமா.